மியூசிக் ஃபான்ட்டுக்குத் தனிக் காசு: சேலம், ஏற்காடு பாடற்குழுக்கள் கவனத்துக்கு

பாட்டுப் புத்தகம், சுரத் தாள், கார்டு ஷீட் (கிட்டார், கீபோர்டுக்கான சுரக்கூட்டுப் பெயர்கள் போட்ட தாள்) எதையாவது சேலத்தில் டிடிபி கடையில் அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஏற்காட்டில் உள்ள எங்கள் பாடற்குழுவின் கிறிஸ்துமஸ் புத்தகத்தைச் சேலத்தில் ஒரு கடை அடித்துக் கொடுத்தது. தமிழ் வரிகள், வரிக்கு மேலே கார்டு பெயர்கள், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் வேகக் குறி (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது), இவ்வளவுதான் வேலை. டைப்பிங் கூலி போக, “மியூசிக் ஃபான்ட் லைசென்ஸ்” என்று 3,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். அந்த ஃபான்ட் இணையத்தில் சும்மா கிடைப்பது. கூடவே வரும் உரிமக் கோப்பில் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்று இருக்கிறது. அந்த உரிமத்தின்படி ஃபான்ட்டை யாரும் பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கத்தான் கூடாது. உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். இல்லாத லைசென்ஸுக்குக் காசு கேட்பது ஏமாற்று.

பணம் போனதைவிட, அவர்கள் கொடுத்த வேர்ட் கோப்பு எதற்கும் உதவாமல் போனதுதான் பெரிய நஷ்டம். ஏற்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கூடுதல் பிரதி எடுக்கத் திறந்தால், ♩ = 72 என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ங = 72’ என்று நிற்கிறது. கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: “உங்க சிஸ்டத்துல ஃபான்ட் இல்ல சார், நாங்க என்ன பண்றது?” சரி, அந்த ஃபான்ட்டையாவது கொடுங்கள் என்றால், காப்பிரைட் என்று மறுத்துவிட்டார்கள்.

‘ங’ எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வகைக் கடைகளின் வேலை மொத்தமும் புரிந்துவிடும். பழைய வகை மியூசிக் ஃபான்ட்டில் இசைக் குறிக்கென்று தனி இடம் கிடையாது. ஆங்கில ‘க்யூ’ எழுத்தின் இடத்தில் கிராச்செட் (♩, ஒரு தட்டுச் சுரம்) படம், ‘ஹெச்’ இடத்தில் மினிம் (இரண்டு தட்டு), ‘டபிள்யூ’ இடத்தில் செமிபிரீவ் (நான்கு தட்டு), & இடத்தில் ட்ரெபிள் கிளெஃப் (சுர வரியின் தொடக்கத்தில் வரும் குறி), கேள்விக்குறி இடத்தில் பேஸ் கிளெஃப் என்று வரைந்து வைத்திருப்பார்கள். கோப்புக்குள் இருப்பது எப்போதும் வெறும் ‘க்யூ’தான். ஃபான்ட் போனால் படமும் போய்விடும். இங்கே நடந்தது அதைவிட மோசம். தமிழ் வரிகளைப் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்துவிட்டு, கடைசியில் இசைக் குறிகளையும் அதே ஃபான்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாமினியில் ‘க்யூ’ என்பது ங, ‘ஹெச்’ என்பது துணைக்கால், ‘டபிள்யூ’ என்பது ற. அதனால் கிராச்செட் எல்லாம் ங ஆனது. மினிம் இருந்த இடமெல்லாம் தலையும் வாலும் இல்லாத ஒரு துணைக்கால். பாமினியும் இதே தந்திரத்தில் ஓடும் ஃபான்ட் என்பதால், பிழை ஒரு தமிழ் எழுத்தாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு கோளாறு கண்ணுக்கு எளிதில் படாது. வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் இருக்கிறது. இந்த ஃபான்ட்டுகள் பலவற்றில் சின்ன ‘க்யூ’ என்றால் சுரக் குறியின் காம்பு மேலே, பெரிய ‘க்யூ’ என்றால் காம்பு கீழே. வரியின் தொடக்கத்தில் வரும் குறியெல்லாம் தலைகீழாகிவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் அந்த ஒரு டிக்கை எடுத்திருந்தால் போதும்.

கார்டு பெயர்களில் இன்னும் அலட்சியம். ஷார்ப்புக்கு (சுரத்தை அரைப்படி உயர்த்தும் ♯ குறி) # அடித்திருக்கிறார்கள், ஃபிளாட்டுக்கு (அரைப்படி தாழ்த்தும் ♭ குறி) ஆங்கிலச் சின்ன ‘பி’ (b). உற்றுப் பாருங்கள்: ♯ குறியில் நிற்கும் கோடுகள் நேராகவும் படுக்கும் கோடுகள் சாய்ந்தும் இருக்கும். # குறியில் படுக்கும் கோடுகள் நேர், நிற்பவைதான் சாய்வு. ஷார்ப்பையாவது ஊகித்துவிடலாம். பி ஃபிளாட் என்பது பெரிய ‘பி’, சின்ன ‘பி’ என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சானால், புதிதாகக் கீபோர்டு கற்கும் பிள்ளை என்ன வாசிக்கும்?

இந்தக் குறிகளுக்கு எந்த விசேஷ ஃபான்ட்டும் வேண்டாம். எல்லா மொழி எழுத்துக்கும் பொது எண் தரும் யூனிகோடிலேயே இவற்றுக்குத் தனி எண் இருக்கிறது. வேர்டில் 2669 என்று அடித்து, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எக்ஸ் தட்டினால் ♩ வரும். 266 அடித்து அதை ஒட்டி ஆங்கில ‘டி’ (D) போட்டால் ♭, ‘இ’ (E) போட்டால் ♮ (நேச்சுரல்), ‘எஃப்’ (F) போட்டால் ♯. லிப்ரே ஆபிஸிலும் இதே ஆல்ட் எக்ஸ்தான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. டைப் செய்பவர்கள் பலர் மாட்டுவது இங்கேதான். சுரப் பெயர்களான ஏ முதல் எஃப் வரை ஆறும், யூனிகோட் எண்களை எழுதும் பதினாறடி முறையில் 9-க்கு அடுத்த இலக்கங்களாகவும் இருக்கின்றன. பெரிய ‘பி’ அடித்து, இடைவெளி விடாமல் 266, ‘டி’ அடித்து ஆல்ட் எக்ஸ் தட்டினால், வேர்ட் அந்த ‘பி’யையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துவிடும். ஃபிளாட் வராது, எதற்கும் ஆகாத ஒரு பெட்டிதான் வரும். முதலில் ஓர் இடைவெளி விட்டு, எண்ணை மாற்றி, பிறகு இடைவெளியை அழிக்க வேண்டும். ‘ஜி’க்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

புள்ளி வைத்த கிராச்செட், மெஸ்ஸோ ஃபோர்ட்டே (ஓரளவு சத்தமாக என்ற குறி), கிளெஃப் எல்லாம் பாட்டு வரிகளுக்கு நடுவே வேண்டுமென்றால் பிராவுரா டெக்ஸ்ட் என்ற இலவச ஃபான்ட் போதும். ஸ்டைன்பர்க் நிறுவனம் 2013-ல் பிராவுராவையும், ஸ்மூஃபல் என்ற பொதுக் குறி வரிசையையும் வெளியிட்டது. இதில் ஒவ்வொரு குறிக்கும் தனி எண். வேகக் குறியில் வரும் கிராச்செட்டுக்கு ‘இ, சி, ஏ, 5’ (ECA5) அடித்து ஆல்ட் எக்ஸ், பிறகு அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் ஃபான்ட்டை பிராவுரா டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். ஃபான்ட் இல்லாத கணினியில் பெரும்பாலும் வெற்றுப் பெட்டி வரும்; ‘ங’ போல ஏமாற்றாது. ‘டெக்ஸ்ட்’ என்று முடியும் ஃபான்ட்டையே போடச் சொல்லுங்கள். வெறும் பிராவுராவைப் போட்டால் குறி வந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். அப்படி விழுந்தால் பத்தி அமைப்பில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து, 12 பாயின்ட் எழுத்துக்கு 18 பாயின்ட் கொடுத்தால் அடங்கும்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் அடிப்போம் என்கிற கடையில் இது எதுவும் நடக்காது. அதன் கடைசிப் பதிப்பான 7, 2001-ல் வந்தது; யூனிகோடே தெரியாது. அங்கே பழைய எழுத்து வகை ஃபான்ட்தான் போடுவார்கள்.

முழு ஸ்டாஃப் வரிகளை (ஐந்து கோட்டில் சுரம் எழுதும் வரிகள்) எந்த ஃபான்ட்டிலும் தட்ட வைக்காதீர்கள். சுரம் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் இலவசம். அதில் எழுதி, எஸ்விஜி அல்லது 600 டிபிஐ பிஎன்ஜி படக் கோப்பாக எடுத்துச் செருகச் சொல்லுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். போட்டோவாகப் போனால் சுருங்கிவிடும், ஐந்து கோடுகளில் ஒன்றிரண்டு அச்சில் விட்டு விட்டு விழும்.

கர்நாடக சங்கீதம் சொல்லித் தருபவர்களுக்கும் இதே கடைகளில் ஓர் ஆபத்து. தார ஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயி) சுரத்தின் மேல் புள்ளி வைப்பதற்கு மெய்யெழுத்துப் புள்ளியையே தட்டிவிடுகிறார்கள். ஸ மேல் வைத்தால் அது ‘ஸ்’ ஆகிவிடுகிறது. ரி, நி மேல் வைத்தால் சில மென்பொருளில் புள்ளி நகர்ந்து நிற்கும், சிலவற்றில் கோடு கோடான ஒரு வட்டம் முளைக்கும். மேல் புள்ளிக்கு யூனிகோடில் 0307, மந்தர ஸ்தாயியின் கீழ்ப் புள்ளிக்கு 0323 என்று தனி எண்கள் உண்டு. எல்லாத் தமிழ் ஃபான்ட்டிலும் இவை சரியான இடத்தில் உட்காரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஸ, ரி, நி மூன்றையும் இரு ஸ்தாயியிலும் ஒரு வரி அடித்து, அச்செடுத்துப் பார்த்த பிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. பிடிஎஃப் வாங்கி, அடோபி ரீடரில் திறந்து, கன்ட்ரோல் டி (D) அழுத்தி, ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ (ஃபான்ட் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது) அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருந்தே ஆக வேண்டும். பெயர் மட்டும் இருந்தால் வேறு கணினியில் ‘ங’ கதைதான். எந்த ஃபான்ட்டுக்கு லைசென்ஸ் என்று காசு கேட்டார்கள் என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பெயரைத் தேடிப் பாருங்கள். வேர்ட் கோப்பையும் வாங்குங்கள், ஃபான்ட் கோப்பையும் சேர்த்து வாங்குங்கள். வேர்டில் ஃபான்ட்டைப் பதிக்கும் வசதி ஆப்ஷன்ஸில் ‘சேவ்’ பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பிராவுரா டெக்ஸ்ட் போன்ற ஓடிஎஃப் ஃபான்ட்டுகளுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

பில் கட்டாயம் கேளுங்கள். “ஃபான்ட் லைசென்ஸ்” என்பதற்கு எவ்வளவு என்று அதில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பில்லோடும் ஃபான்ட்டின் உரிமக் கோப்போடும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.