சிடிஎஸ்எல் ஈசி: புரோக்கர் ஆப் திறக்காத காலையில் தொடங்கிய கணக்கு

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை என் புரோக்கரின் ஆப் திறக்கவே இல்லை. இரண்டு மணி நேரம்தான், அப்புறம் சரியாகிவிட்டது, ஆனால் அதற்குள், வாடிக்கையாளர்களின் பங்குகளை அடமானம் வைத்து மாட்டிக்கொண்ட கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்று மாலையே சிடிஎஸ்எல் (நம் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரி நிறுவனம்) தளத்தில், அந்தக் கணக்கை நாமே நேரடியாகப் பார்க்க உதவும் ஈசி சேவையில் கணக்கு தொடங்கினேன்.

இலவசம்தான். 16 இலக்க டீமேட் எண் (பங்குகள் இருக்கும் கணக்கின் எண்) வேண்டும் (முதல் 8 புரோக்கரைக் குறிப்பது, மிச்சம் 8 நம்முடையது), பதிவான கைப்பேசிக்கு ஓடிபி வரும். உள்ளே போனால் எத்தனை பங்கு இருக்கிறது, எது அடமானத்தில் இருக்கிறது, எந்தத் தேதியில் எது வந்தது போனது என்று டெபாசிட்டரியின் கணக்கையே பார்க்கலாம். புரோக்கர் காட்டுவதைப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கடைக்காரர் சொல்லும் பாக்கியைக் கேட்பதற்கும் நோட்டை நாமே புரட்டுவதற்கும் உள்ளதுதான்.

பங்குகள் நம் பெயரில் டெபாசிட்டரியில் இருப்பதால், புரோக்கர் திவாலானாலும் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் உரிமை கோர முடியாது. கார்வி விஷயத்தில் சிக்கல் வேறு. வாடிக்கையாளர்கள் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை (தங்கள் சார்பில் செயல்படக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை) வைத்து அவர்களுடைய பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. 2,000 கோடி ரூபாய்க்கும் மேல். 2019 நவம்பர் 22 அன்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை போட்டது, டிசம்பர் தொடக்கத்தில் 80,000க்கும் மேற்பட்டவர்களின் பங்குகளை இன்னொரு டெபாசிட்டரியான என்எஸ்டிஎல் அவரவர் கணக்கில் திருப்பிப் போட்டது.

அதற்குப் பிறகு, 2020 செப்டம்பரிலிருந்து, மார்ஜினுக்குக் (வர்த்தகத்துக்கான ஈட்டுத் தொகைக்கு) கொடுக்கும் பங்கும் நம் கணக்கிலேயே அடமானக் குறியோடு இருக்கும். பின்னர் பவர் ஆஃப் அட்டர்னி இடத்தில், குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் புரோக்கருக்கு அனுமதி தரும் டிடிபிஐ என்ற பத்திரம் வந்துவிட்டது. நான் அதிலும் கையெழுத்துப் போடவில்லை, விற்கும்போது டிபின் (டெபாசிட்டரி தரும் ரகசிய எண்) அடிக்கிறேன். தொந்தரவுதான், ஆனாலும் பரவாயில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைவது, புரோக்கரிடம் கிடக்கும் ரொக்கம் இதில் தெரியாது என்பதற்காக. அது டெபாசிட்டரியின் வேலையே இல்லை, தெரியும், ஆனால் பயம் அங்கேதான் இருக்கிறது. சும்மா கிடக்கும் பணத்தை மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒரு முறை புரோக்கர் நம் வங்கிக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும், நான் மாதம் என்று மாற்றிவிட்டேன். புரோக்கர் கவிழ்ந்தால் ஈடு கொடுக்க பங்குச் சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். பொதுவாக புரோக்கரை, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத் தவறியவர் (டிஃபால்ட்டர்) என்று பங்குச் சந்தை நிறுவனம் அறிவித்த பிறகுதான் அதில் கை நீட்ட முடியும். கார்வியை தேசிய பங்குச் சந்தையான என்எஸ்இ அப்படி அறிவித்தது 2020 நவம்பரில், தடைக்கு ஒரு வருடம் கழித்து. அந்த நிதி தரும் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, சந்தையில் நஷ்டமான பணம் அதில் சேராது, ‘மாதம் இத்தனை சதவீதம் தருகிறேன்’ என்று யாரோ சொன்னதை நம்பிக் கொடுத்ததும் சேராது.

உங்கள் டீமேட் எண் ஐஎன் என்று தொடங்கினால் அது என்எஸ்டிஎல், அங்கே இதே மாதிரி சேவை ஐடியாஸ் என்று தனியாக இருக்கிறது. என் மனைவியின் கணக்கு அதில்தான், இன்னும் பதிவு செய்து கொடுக்கவில்லை, தினமும் கேட்கிறாள்.