இரண்டாவது காரா, சிறிய ஸ்கூட்டரா? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், ஏற்கெனவே ஒரு கார் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: வேலைக்குப் போகும் இரண்டாவது ஆளுக்கு இன்னொரு கார் வாங்குவதா, ஒரு ஸ்கூட்டர் போதுமா? கணவர் காரை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கோ சிவகங்கைக்கோ போய்விடுகிறார். மனைவி கானாடுகாத்தானிலிருந்தோ பள்ளத்தூரிலிருந்தோ கிளம்பிக் காரைக்குடியில் ஒரு வங்கிக்கோ பள்ளிக்கோ அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ வந்து சேர வேண்டும். இத்தகைய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 110 சிசி ஸ்கூட்டரே சரியான தேர்வு என்பது என் முடிவு. ஆனால் அந்த முடிவு பொருந்தாத வீடுகளும் உண்டு. பாதுகாப்பில் ஸ்கூட்டர் காருக்கு நிகராகாது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

முதலில் தூரத்தைப் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக அமைந்தவை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி ஏறத்தாழ 10 கிலோமீட்டர், பிள்ளையார்பட்டி 12, கானாடுகாத்தான் 15. தேவகோட்டைகூட 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இவ்வளவு குறைந்த தூரத்தில் காரின் வேகத்தால் மிச்சமாகும் சில நிமிடங்களும், ஊருக்குள் நுழைந்தபின் செக்காலைச் சாலையிலும் கொப்புடையம்மன் கோயில் பக்கத்திலும் நிறுத்த இடம் தேடுவதிலேயே கரைந்துவிடுகின்றன. ஸ்கூட்டரில் வருபவர் அலுவலக வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார். மாலையில் அண்ணா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, பையைக் கால் வைக்கும் தளத்தில் வைத்து வீடு திரும்பவும் அவருக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

செலவுக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு போட்டுப் பார்ப்போம். கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு நாளொன்றுக்குப் போகவர 30 கிலோமீட்டர். மாதம் 25 வேலை நாட்கள் என்றால் 750 கிலோமீட்டர். சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், ஸ்கூட்டர் 45 கிலோமீட்டரும் கொடுக்கும் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். காருக்கு மாதம் 50 லிட்டர், அதாவது 5,000 ரூபாய். ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 17 லிட்டர், 1,700 ரூபாய். எரிபொருளில் மட்டும் ஆண்டுக்கு 40,000 ரூபாய் அளவுக்கு வேறுபாடு வருகிறது.

பெட்ரோலைவிடப் பெரிய செலவு வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. 5 லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 10,400 ரூபாயை ஒட்டி வரும். 110 சிசி ஸ்கூட்டரின் மொத்த விலையே ஒரு லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரியின்படி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம் கட்ட வேண்டும். ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு அது 78,000 ரூபாய் ஆகிறது. ஒரு ஸ்கூட்டரை வாங்க ஆகும் பணத்தில் பெரும்பகுதி காரின் வரியாகவே போய்விடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காப்பீட்டிலும் இதே நிலைதான்: 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டு விகிதத்தில் 75 முதல் 150 சிசி வரையான இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு இதற்கு மேல் தனி. பழைய காராக வாங்கினால் தவணை குறையும் என்பது உண்மையே. ஆனால் நான்கு டயர், பேட்டரி, ஏசி, கிளட்ச் என்று வரிசையாக வரும் வேலைகள் பழைய காரில் விரைவாகவே வரும். பெட்ரோல் வேறுபாடும் அப்படியே நிற்கும்.

வீட்டில் வாகனம் எங்கே நிற்கும் என்ற கேள்வி, பிற ஊர்களைவிடச் செட்டிநாட்டில் கூடுதல் கவனம் கேட்பது. முகப்பும் திண்ணையும் வளவும் (நடு முற்றப் பகுதி) இரண்டாம் கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நம் வீடுகள் கார் வருவதற்கு முந்தைய அளவுகளில் கட்டப்பட்டவை. தரைமட்டத்திலிருந்து உயர்த்தி, படி வைத்து ஏறும்படியாகவே பல வீடுகள் இருக்கின்றன. தனியாக மோட்டார் ஷெட் கட்டிய வீடுகளில்கூட அது பெரும்பாலும் ஒரு வண்டிக்குத்தான் போதும். இரண்டாவது கார் வந்தால் அது தெருவில் நிற்கும். வெயிலில் பெயிண்ட் வெளிறும், எலி ஒயரைக் கடிக்கும், கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன் யாராவது வந்து எடுக்கச் சொல்வார்கள். பங்காளிகள் பல புள்ளிகளாக, அதாவது தனித்தனிக் குடும்பங்களாக, பகிர்ந்துகொண்டிருக்கும் வீட்டில், ஒருவர் இரண்டு கார்களை நிறுத்துவது மனத்தாங்கலுக்கும் இடம் கொடுக்கும். ஸ்கூட்டருக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. பின்கட்டு வாசல் தெருமட்டத்தில் இருந்தால் நேரே உள்ளே தள்ளிவிடலாம்; முன்படி உயரமாக இருந்தால், நூறு கிலோ அளவுள்ள வண்டியை ஏற்றக்கூடிய ஒரு சாய்தளத்தைப் படியின் ஓரத்தில், பழைய கல்வேலையை உடைக்காமல் அமைத்துக்கொண்டால் போதும்.

இனி பாதுகாப்பு. 2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர், அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் அதிக எண்ணிக்கையில் விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. சேமிக்கும் பணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். காரில் நம்மைச் சுற்றி இரும்பும் சீட் பெல்டும் ஏர்பேகும் இருக்கின்றன; ஸ்கூட்டரில் தலைக்கவசம் மட்டுமே இருக்கிறது.

ஆயினும் இந்த ஆபத்து எல்லாச் சாலையிலும், எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு வர இரண்டு வழிகள் உண்டு. திருச்சியிலிருந்து இராமேசுவரம் போகும் நெடுஞ்சாலையில் லாரிகளும் ஆம்னி பேருந்துகளும் சுற்றுலா வேன்களும் முழு வேகத்தில் போகும்; அவற்றின் காற்றே இலேசான ஸ்கூட்டரை ஓரத்துக்குத் தள்ளும். பள்ளத்தூர், கோட்டையூர் வழியாக வரும் ஊர்ச்சாலையில் வேகம் குறைவு, வீடுகள் உண்டு, ஏதாவது நேர்ந்தால் ஓடிவர ஆட்கள் உண்டு. கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆனாலும், ஸ்கூட்டரில் அன்றாடம் போகிறவர் ஊர்ச்சாலையையே தம் வழியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்திலிருந்து வருபவரானால், ஸ்கூட்டருக்கு ஆதரவான என் வாதத்தின் வலு பாதியாகக் குறைந்துவிடும். இருட்டிய பிறகு மாடும் ஆடும் குறுக்கே வரும் சாலைகள் நம்முடையவை. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் வழியில் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் இரவிலும் விடியற்காலையிலும் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். அந்த நாட்களில் அந்தச் சாலையில் முகப்பு விளக்கை மட்டும் நம்பி வேகமாகப் போவது அவர்களுக்கும் ஆபத்து, ஓட்டுபவருக்கும் ஆபத்து.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, தலைக்கு இறுகப் பொருந்துவதாக வாங்கி, தாடைப்பட்டையை மாட்ட வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி அது கட்டாயம். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று கழற்றி வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வண்டியிலும் பார்க்க வேண்டியவை உண்டு. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் சிறிய ஸ்கூட்டர்களில், ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரு சக்கரங்களும் சேர்ந்து நிற்கும் சிபிஎஸ் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பழைய ஸ்கூட்டரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 10 அங்குலச் சக்கரத்தைவிட 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் நிலைகுலையாமல் இறங்கி ஏறும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருக்களில் இது சிறிய வேறுபாடல்ல. சேலை கட்டி ஓட்டுபவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும். துப்பட்டாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வெயிலும் மழையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மதிய நேரத்துப் பயணம் கடினமானது. அலுவலகம் போகும் காலையும் திரும்பும் மாலையும் தாங்கக்கூடியவை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் ஸ்கூட்டரை எடுக்கவே கூடாது. அந்த நாட்களுக்கு ஆட்டோவோ பேருந்தோ என்று முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கினாலும் மேலே சொன்ன கணக்கில் பெரிய மாற்றம் வராது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், நேரம் பொருந்தும் தடத்தில் இருப்பவருக்கு மழைநாள் ஏற்பாடு செலவில்லாமலே முடிந்துவிடும்.

ஸ்கூட்டர் என்று முடிவானபின் பெட்ரோலா மின்சாரமா என்பது அடுத்த கேள்வி. லித்தியம் பேட்டரி ஆய்வுகள் நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டதிலிருந்து காரைக்குடியிலேயே இருப்பதால், நம் பகுதியில் இந்தப் பேச்சு வீடுகளிலும் ஆர்வத்தோடு நடக்கிறது. நாளுக்கு 30 கிலோமீட்டர் என்பது இன்றைய மின்ஸ்கூட்டர்களுக்கு எளிய தூரம். இரவில் ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாட்களுக்கு வரும். மாதம் 750 கிலோமீட்டருக்கு 25 முதல் 30 யூனிட் வரை ஆகலாம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கூட்டிப் போட்டாலும் 300 ரூபாய்க்குள் முடியும். பெட்ரோலுக்கு ஆகும் 1,700 ரூபாயோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் இரு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிக் கூடுதலாகிவிடும். ஆகவே ஏற்கெனவே 450, 480 யூனிட்டில் நிற்கும் வீட்டினர் அந்த எல்லையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பங்காளிகளுக்குப் பொதுவான மீட்டர் உள்ள வீடுகளில், சார்ஜ் போடும் இணைப்பு யார் கணக்கில் என்பதை வண்டி வாங்குமுன் பேசி முடிப்பது நல்லது. பேட்டரியின் பகைவன் வெப்பம். வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல், வீட்டின் நிழலான கட்டுக்குள் நிறுத்தி ஆறவிட்டு இரவில் போடுவது அதன் ஆயுளைக் காக்கும். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள நம் வீடுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. பழுது பார்க்க ஆள் கிடைப்பதில் மட்டும் பெட்ரோல் ஸ்கூட்டர் இன்னும் முன்னால் நிற்கிறது: சிற்றூரிலும் அதைத் திறந்து பார்க்க ஒரு மெக்கானிக் இருப்பார், மின்ஸ்கூட்டருக்கு நிறுவனத்தின் சேவை மையத்தையே நம்ப வேண்டியிருக்கும். அந்த மையம் காரைக்குடிக்குள் இருந்தால் மின்ஸ்கூட்டரையும், மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டியை ஏற்றி அனுப்ப வேண்டுமானால் பெட்ரோல் ஸ்கூட்டரையும் தேர்ந்தெடுப்பேன். டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற மொபெட், மூட்டை ஏற்றுவதற்கும் தோட்டத்துக்குப் போவதற்கும் நல்லது. அன்றாட 30 கிலோமீட்டருக்கு ஸ்கூட்டரின் இருக்கையும் வேகமும் அதில் இல்லை.

எந்த வீட்டுக்கு ஸ்கூட்டர் பொருந்தாது? ஸ்கூட்டரில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் போகலாம் என்பது சட்டம். ஆகவே காலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு அது விடையே அல்ல. ஒரு பிள்ளையை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் வைத்துப் போகும் காட்சி எவ்வளவு பழகியதாக இருந்தாலும் அதை ஏற்க முடியாது. வாரத்தில் பல நாட்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய பெரியவர் இருக்கும் வீட்டில், முதல் கார் பகல் முழுதும் வெளியூரில் இருக்குமானால், இரண்டாவது கார் நியாயமானதே. இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியரையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வரும்போது வேண்டும் என்பதற்காக வாங்குவது மட்டும் நியாயமாகாது. நகரத்தாரின் குலக்கோயில்களான நகரக்கோயில்களுக்குப் போய்வர அந்த நாட்களில் டிரைவரோடு வாடகைக்கு ஒரு பெரிய வண்டி எடுப்பதுதான் மலிவு, எல்லாரும் ஒன்றாகப் போகவும் முடியும்.

இரு பிள்ளைகள் உள்ள வீட்டினர் இரண்டாவது காருக்குப் பணம் புரட்டுமுன் இன்னொரு வழியையும் எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் ஒரே கார் கணவருடையது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் தனியாகக் கோட்டையூருக்கோ குன்றக்குடிக்கோ போய்வருபவரானால், ஸ்கூட்டரை அவர் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளையும் புத்தகப்பைகளையும் ஏற்றிச் செல்லும் ஆச்சியிடம், அதாவது மனைவியிடம், கார் இருக்கட்டும். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது தடையானால், ஓட்டுநர் பயிற்சிக்கு ஆகும் செலவு புதிய காரின் ஒரு மாதத் தவணையைத் தாண்டப்போவதில்லை.