டிங்கியை எங்கே மடக்கலாம்? ஊசி, பூட்டிய புரதம், மாத்திரை

சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் டிங்கி என்றதும் புகையடிப்பதும் ரப்பர் பால் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும்தான் பேச்சு. வைரஸின் உருவத்தையும் பார்த்தால்தான் எந்த மருந்து எதற்கு உதவும் என்று புரியும்.

முதிர்ந்த டிங்கி வைரஸின் விட்டம் சுமார் 50 நானோமீட்டர். மேலோட்டில் 180 'ஈ' புரதங்கள் 90 ஜோடிகளாகப் படுத்திருக்கும். 2002-இல் வெளிவந்த நுண்ணோக்கிப் படம் இதைக் காட்டியது. ஜோடி மூடியிருந்தால், செல்லோடு ஒட்ட உதவும் வளையம் மறைந்திருக்கும். ஜோடி பிரிந்தால் வளையம் வெளியே வரும். அதைக் குறிவைக்கும் ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் புரதம்) நான்கு வகை டிங்கியிலும் ஒட்டும், ஆனால் சரியாக முடக்காது. ஒட்டிய ஆன்டிபாடியோடு வைரஸ் வெள்ளணுவுக்குள் சுலபமாகப் புகுந்து பெருகும். இரண்டாவது முறை வரும் டிங்கி ஆளைச் சாய்ப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கியூடெங்கா 2024-இல் மலேசியாவில் நிபந்தனையுடன் அனுமதி பெற்ற தடுப்பூசி. வலுவிழந்த டிங்கி 2 வைரஸ்தான் அடித்தளம். மற்ற மூன்று வகைக்கு மேலோட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தோலுக்கடியில் 0.5 மில்லி, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. வகை 2 நன்றாகப் பெருகும், மற்றவை பின்தங்கும். அதனால் டிங்கியே வராதவர்களுக்கு வகை 3-க்கு எதிராகச் சோதனையில் பலன் தெரியவில்லை. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் போடக்கூடாது.

உருவத்தை வைத்தே செய்த இன்னொரு தடுப்பூசி வழி, ஜோடியைப் பூட்டுவது. தனியாக எடுத்த ஈ புரதம் உடல் சூட்டில், 37 டிகிரியில், பிரிந்துபோகும். இரு பாதியும் தொடும் இடத்தில், 259-ஆம் அமினோ அமிலமான அலனினைச் சிஸ்டீனாக மாற்றினால் கந்தகப் பிணைப்பு உருவாகும், ஜோடி பிரியாது, வளையமும் வெளிவராது. மூன்றில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஆனால் வெறும் புரதம் என்பதால் தூண்டுமருந்து சேர்க்க வேண்டும்; இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

மாத்திரை வேறு கதை. வைரஸின் புரதம் வெட்டும் நொதியில் மருந்து பொருந்தும் பள்ளம் ஆழமில்லை. நேர்மின்னூட்டமுள்ளதைத்தான் விரும்பும், அப்படிப்பட்ட மருந்து செல் சவ்வைக் கடப்பது கஷ்டம். வைரஸ் பெருக உதவும் என்எஸ்3, என்எஸ்4பி என்ற இரு புரதங்களையும் சேரவிடாமல் தடுக்கும் மோஸ்னோடென்விர் நம்பிக்கை தந்தது. அதை உருவாக்கிய நிறுவனம் 2024-இல் அந்த டிங்கிச் சோதனையை நிறுத்திவிட்டது. காலமும் சாதகமில்லை. காய்ச்சல் தணியும்போது ரத்தத்தில் வைரஸ் குறைந்துவிடும், ஆபத்தான ரத்த நாளக் கசிவு அப்போதுதான் தொடங்கும். பனடோலோடு மூன்று நாள் வேலைக்குப் போய்விட்டு கிளினிக்குக்கு வருபவருக்கு எந்த வைரஸ் மாத்திரையும் பிந்தியதே. அது வந்தாலும், காய்ச்சலின் முதல் நாளே, ரத்தத்தில் வைரஸ் புரதத்தைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 பரிசோதனை கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் பிரயோஜனம்.