எட்டு அங்குல டாப்சோனியனும் மங்கலான வால்மீன்களும்: ஏழு வருஷ அனுபவம்

2018 நவம்பரில் வாங்கிய டெலஸ்கோப் இது. எட்டு அங்குலக் கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம், பலகைப் பீடத்தில் வைத்துக் கையால் தள்ளித் திருப்புகிற சாதாரண டாப்சோனியன். மோட்டார் கிடையாது, தானாகத் தேடித் தரும் வசதியும் கிடையாது. அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில் திருப்பத்தூரிலிருந்து காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, ஜவ்வாது மலையில் உறவினர் ஒருவரின் சாமை வயலுக்கு எடுத்துப்போவேன். காவலூர் வான்காணகம் இருப்பதும் அதே மலையில்தான். அந்த வான்காணகத்துக்குப் பெயர் தந்த வைணு பாப்பு, 1949ல் ஹார்வர்டில் படித்த நாட்களில் ஒரு புதிய வால்மீனைக் கண்டுபிடித்தவர். பாப்பு, பாக், நியூகர்க் என்று மூன்று பேர் பெயரைச் சுமக்கிற வால்மீன் அது. மலையேறும்போதெல்லாம் அந்த மூன்று பெயரும் நினைவுக்கு வரும். ஒருவர் பார்த்ததை இன்னொருவரும் பார்த்துச் சொல்லவேண்டிய துறை இது.

வாங்கிய அடுத்த மாதமே 46பி விர்டானன் என்ற வால்மீன் வந்தது. நான்காம் மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் கூடக்கூட மங்கல்), வெறும் கண்ணுக்கே தெரியும் என்றார்கள். வீட்டு மாடியிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. மலையில் பார்த்தபோதுதான் புரிந்தது: நான்காம் மேக்னிட்யூட் என்பது அதன் மொத்த ஒளி. அந்த ஒளி முழுநிலவைவிடப் பெரிய பரப்பில் பரவிக் கிடந்தது. ஒரு கரண்டி மாவைப் பெரிய கல்லில் தேய்த்த மாதிரி. பன்னிரண்டாம் மேக்னிட்யூட் நட்சத்திரமும் பன்னிரண்டாம் மேக்னிட்யூட் வால்மீனும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இந்த எட்டு அங்குலத்தில் மலையிலிருந்து பதினான்கு வரை நட்சத்திரம் தெரிகிறது. வால்மீன் என்றால் பன்னிரண்டைத் தாண்டியதுமே சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் இந்த ஏழு வருஷமும் போயிருக்கிறது.

2020 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். சிம்ம மண்டலத்தில் ஒரு மங்கலான வால்மீன். செல்போன் செயலியில் இடம் பார்த்து, எம் 105 என்ற கேலக்ஸியின் பக்கம் தள்ளினேன். எம் 105, அதன் அருகே இன்னொரு கேலக்ஸியான என்ஜிசி 3384 இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. கொஞ்சம் தள்ளி, ஓரக்கண்ணால் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி மூன்றாவதாக ஒரு புகை. குழாயை விரலால் மெல்லத் தட்டினேன். பார்வை அசையும்போது அது இன்னும் நன்றாக எழுந்து வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. நேரம், மேக்னிட்யூட், விட்டம் எல்லாம் எழுதிவிட்டேன். ஐம்பது நிமிஷம் கழித்துப் பார்த்தால் புகை இம்மியும் நகரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய வான்படத் தொகுப்பில் தேடினால், அது என்ஜிசி 3389. அதுவும் ஒரு கேலக்ஸிதான், ஏறத்தாழ பன்னிரண்டாம் மேக்னிட்யூட். பதினொன்றுக்கு மேல் மங்கலான எதையும் காட்டாதபடி செயலியை நான்தான் அமைத்து வைத்திருந்தேன். போதாததற்கு, அதில் இருந்த வால்மீனின் சுற்றுப்பாதைக் கணக்கும் பல மாதம் பழசு. உண்மையான வால்மீன் அன்று டெலஸ்கோப்பில் தெரிந்த வட்டத்துக்கு வெளியே, சற்றுத் தள்ளி இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் வழக்கத்தையே மாற்றிக்கொண்டேன். போகும் முன், வால்மீன்களின் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு வெளியிடும் மைனர் பிளானட் சென்டரின் புதிய கணக்கைச் செயலியில் ஏற்றிவிடுவேன். ஆனால் சார்ட்டில் வால்மீனின் புள்ளியைப் போடமாட்டேன். அரை டிகிரி வட்டம் மட்டும் இருக்கும். அந்த வட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிறதை முதலில் நோட்டில் வரைவேன். இடம் முன்கூட்டியே தெரிந்தால், இல்லாத புகையைக்கூடக் கண் அங்கே உண்டாக்கிவிடும். இது என் ஏழு வருஷத்தில் பலமுறை நடந்திருக்கிறது. வரைந்த பிறகு வேறு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மாற்றி மறுபடி பார்ப்பேன், பக்கத்துப் பிரகாசமான நட்சத்திரத்தின் பிரதிபலிப்பாக இருந்தால் குழாயை அசைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி. சூரியனுக்கும் பூமிக்கும் அருகே வந்துவிட்ட வால்மீன்கள் பல, மணிக்கு ஒன்றிரண்டு ஆர்க்மினிட் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நகரும். பக்கத்து நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் அந்த நகர்வு தெரியும். பின்னால் ஹேல்-பாப் வால்மீன் என்று பெயர் பெற்ற புகையை 1995 ஜூலையில் ஆலன் ஹேல் எம் 70 என்ற நட்சத்திரக் கொத்தின் அருகே புதிதாகப் பார்த்தபோதும் இதைச் செய்தார்: அது நகர்கிறதா என்று காத்திருந்து பார்த்தார். அதே ராத்திரி தாமஸ் பாப் என்பவரும் வேறோர் இடத்திலிருந்து அதே புகையைப் பார்த்திருந்தார்.

மேக்னிட்யூட் கணிக்க நான் பயன்படுத்துவது சிட்ஜ்விக் முறை. வால்மீனை ஃபோகஸில் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, ஒப்பீட்டு நட்சத்திரத்தை அதே அளவுக்கு ஃபோகஸ் கலைத்து, இரண்டின் வெளிச்சத்தையும் ஒப்பிடவேண்டும். முதல் வருஷம் என் கணிப்புகள் பெரும்பாலும் அரை மேக்னிட்யூட் பிரகாசமாகவே வந்தன. மற்றவர்கள் சொன்ன எண்ணை முதலில் படித்துவிட்டுப் போனதுதான் காரணம் என்று நம்புகிறேன். இப்போது என் எண்ணை எழுதி முடிக்கும்வரை யார் எண்ணையும் பார்ப்பதில்லை.

கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்ணாடி அருமை. ஏழு வருஷத்தில் இரண்டு முறை காய்ச்சி வடித்த நீரில் கழுவியிருக்கிறேன், பூச்சு இன்னும் உரியவில்லை. பீடம்தான் பலவீனம். ஐப்பசி ஈரத்தில் பலகை ஊதி, திருகுகள் பிடிப்பை விட்டன. விளிம்பெல்லாம் வார்னிஷ் அடித்த பிறகு பரவாயில்லை. மலைப்பாதைக் குலுக்கலில் கண்ணாடிகளின் நேர்கோடு கலைந்துவிடும்; மங்கலான பொருளுக்குப் போகும் நாளில் அதைச் சரிசெய்யும் கொலிமேஷன் வேலையைச் செய்யாமல் தொடங்கவே கூடாது. மார்கழியில் ஐபீஸ் பனியில் வேர்க்கும், சட்டைப் பையில் ஒன்றை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வேன். 80 மடங்கு தரும் 15 மி.மீ. ஐபீஸில்தான் பாதிக்குமேல் வால்மீன்களைப் பிடித்திருக்கிறேன். வால்மீன்களுக்கென்றே விற்கிற பச்சை ஃபில்டர் வாயு நிறைந்த வால்மீனுக்கு உதவுகிறது, தூசு நிறைந்ததற்கு உதவுவதில்லை. அந்த விலைக்கு முதலில் நல்ல ஐபீஸ் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட உதவியது தலைமேல் போட்டுக்கொள்ளும் கறுப்புத் துணி. துணிக்குள் இருபது நிமிஷம் இருந்தால் முன்பு தெரியாதது தெரியும்.

2021 அக்டோபர் முதல் வாரம், மழை விட்ட ஒரு ராத்திரி, 29பியைத் தேடிப் போனேன். வியாழனுக்கும் சனிக்கும் நடுவே சுற்றுகிற, வருஷத்தில் பலமுறை திடீரென வெடித்துப் பிரகாசமாகிற வால்மீன் அது. செப்டம்பர் கடைசியில் அடுத்தடுத்து வெடித்திருந்தது. நள்ளிரவுக்குமேல் ஆரிகா மண்டலம் உயர்ந்ததும் வட்டத்துக்குள் தேடினேன். இரண்டு நட்சத்திரங்களை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். வந்தது, போனது, மறுபடி வந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பது ஒரு மணி நேரத்தில் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நகர்வை வைத்து முடிவு செய்ய வழியில்லை.

கோயம்புத்தூரில் கேமராவோடு இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"எடுத்துட்டேண்ணே, அனுப்பட்டுமா?"

"இரு, அனுப்பாத. நான் வரைஞ்சதை முதல்ல அனுப்பிடுறேன். அப்புறம் உன் படம்."

பத்து நிமிஷத்தில் அவன் படம் வந்தது. திருப்பி வைத்துப் பார்த்தேன். அதே இரண்டு நட்சத்திரம், கோட்டுக்குக் கீழே அதே இடத்தில் வட்டம். பழைய வான்படத்தில் அந்த இடம் காலி. அன்றைக்குப் பென்சிலால் போட்ட கேள்விக்குறியை அழித்துவிட்டு, வால்மீன் பதிவுகளைச் சேர்த்துவைக்கும், ஸ்லோவேனியாவிலிருந்து நடக்கும் கோப்ஸ் தரவுத்தொகுப்புக்கு அனுப்பினேன்.

அதே ராத்திரி தேடிய இன்னொரு வால்மீன் கடைசிவரை தெரியவில்லை. அதையும் அனுப்பினேன். மேக்னிட்யூட் எண்ணுக்கு முன்னால் ஒரு சதுர அடைப்புக்குறி போட்டால், "இந்த அளவுவரை தேடினேன், தென்படவில்லை" என்று பொருள். என் நோட்டில் மூன்றில் ஒரு பதிவு அந்தக் குறியோடுதான் இருக்கிறது. அடுத்த அமாவாசைக்கும் அதே நோட்டு, அதே கறுப்புத் துணி. கொலிமேஷன் திருகு ஒன்று மட்டும் மாற்றவேண்டியிருக்கிறது.