எண்ணிப் பார்ப்பதா, கேட்டுப் பார்ப்பதா?

பள்ளியில் இனப்பாகுபாடு இருக்கிறதா என்று ஆராய இரண்டு வழிகள். இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர் டேவிட் கில்போர்னும் சகாக்களும் 2018-இல் முன்வைத்த 'குவாண்ட்கிரிட்' ஒன்று. எண்களைப் பயன்படுத்து, ஆனால் நம்பிவிடாதே என்பது அதன் நிலை. இன்னொன்று நியூசிலாந்தின் 'கௌபாப்பா மாவோரி'. அதில் ஆய்வுக் கேள்வியே அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமிருந்து வரவேண்டும்.

முதல் வழியின் பலம் சந்தேகப் புத்தி. "திறன்வாரி வகுப்புப் பிரிவு, பழைய மதிப்பெண் எல்லாம் கழித்துப் பார்த்தோம், நிறத்தால் வித்தியாசம் இல்லை" என்று ஓர் அறிக்கை சொல்கிறது என்று வையுங்கள். கழிப்பது என்றால், அவற்றில் ஒரே நிலையில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிடுவது. சரி, அந்தப் பையனைக் கீழ்ப்பிரிவில் போட்டது யார்? ஆசிரியர். நிறத்தைப் பார்த்துத்தான் போட்டார் என்றால், பிரிவைக் கழிக்கும்போது பாகுபாடும் சேர்ந்தே கழிந்துவிடுகிறது! சின்ன விஷயமல்ல. கீழ்ப்பிரிவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அடிப்படைத் தாள்தான்; இங்கிலாந்தின் 16 வயதுக் கணிதத் தேர்வில் அதை எழுதுபவர், எவ்வளவு நன்றாக எழுதினாலும், 9 தரங்களில் 5-ஆம் தரத்தைத் தாண்ட முடியாது.

அதற்காகக் கழித்துப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். முன்மதிப்பெண்ணையும் குடும்ப நிலையையும் கழித்த பிறகுதான் இங்கிலாந்து ஆய்வாளர் ஸ்டீவ் ஸ்ட்ராண்ட் ஒன்றைக் கண்டார்: அங்கே அப்போது இருந்த 14 வயதுத் தேர்வில் உயர்நிலைத் தாளுக்கு வெள்ளைப் பிள்ளைகள் மூவர் அனுப்பப்பட்டால், கரீபிய வம்சாவளிப் பிள்ளைகள் இருவர்தான். அமைச்சகத்தில் மேசையைத் தட்டிப் பேச இது போதும்.

ஆனால் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று அந்த எண் சொல்லாது. அங்கேதான் கௌபாப்பா மாவோரி முந்துகிறது. மாவோரி ஆய்வாளர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999-இல் எழுதிய நூலில் ஆய்வாளருக்குத் தரும் விதிகளில் ஒன்று: பார், கேள், அப்புறம் பேசு. 2001-இல் ரஸ்ஸல் பிஷப் குழு தொடங்கிய 'தே கொட்டாஹிடாங்கா' ஆய்வில் 9, 10-ஆம் ஆண்டு மாவோரி மாணவர்களிடமே கேட்டார்கள். பிள்ளைகள் சொன்னது, ஆசிரியருக்கும் தங்களுக்கும் உள்ள உறவுதான் பிரச்சினை என்று. ஆசிரியர்களில் பெரும்பாலோர் கைகாட்டியது பிள்ளைகளின் வீட்டை. ஆசிரியர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் பழி வீட்டின் மேலேயே போயிருக்கும்.

இதன் சிக்கல், காலம் பிடிக்கும். வெளியாள் ஒருவர் மூன்று மாத நிதியோடு வந்து செய்துவிட்டுப் போக முடியாது. முகத்தைக் காட்டி, உறவு வைத்துத்தான் உள்ளே போக முடியும்.

என்னைக் கேட்டால் கேட்பதில்தான் தொடங்குவேன். எதை எண்ணுவது, எதைக் கழிக்கக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைகள் சொன்ன பிறகு அட்டவணை போட்டுக்கொள்ளலாம்.