பிளஸ் ஒன்னில் உளவியல்: சிபிஎஸ்இயா, கேம்பிரிட்ஜ் ஏ-லெவலா?

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை உளவியல் படிக்க ஆசைப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு: இந்தியப் பள்ளியின் சிபிஎஸ்இ, பிரிட்டிஷ் பள்ளியின் கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு. பலர் கட்டணத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரே பெயரில் இரண்டு வேறு பயிற்சிகள் நடப்பது புரியும்.

சிபிஎஸ்இயின் பன்னிரண்டாம் வகுப்பு, தனிமனிதரை மையமாக வைத்தே நகர்கிறது. நுண்ணறிவு, ஆளுமை, மன அழுத்தத்தைச் சமாளித்தல், மனநலக் கோளாறுகள், சிகிச்சை முறைகள், மனப்பான்மை, குழுக்களின் செல்வாக்கு என ஏழு அலகுகள். சிபிஎஸ்இ பள்ளிகளின் பாடநூலான என்சிஇஆர்டி நூல் நம் மண்ணையும் மறப்பதில்லை. இந்தியாவில் பிறந்த உளவியலாளர் ஜே.பி. தாஸ் பங்களித்த நுண்ணறிவுக் கோட்பாடு, சத்துவம்-ரஜஸ்-தமஸ் என்னும் முக்குணங்கள், யோகா எல்லாம் அதில் இடம்பெறுகின்றன. ஆனால் எந்தக் கருத்துக்கு எவ்வளவு ஆய்வுச் சான்று இருக்கிறது என்று எடைபோட அந்த நூல் மாணவரைப் போதிய அளவு பழக்குவதில்லை. வரையறை, வகைகள், இரண்டு எடுத்துக்காட்டுகள் என்று மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது.

அந்தக் குறையை ஈடுசெய்யக்கூடியது செய்முறைப் பகுதி. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. மாணவர் உளவியல் சோதனைகளை இன்னொருவருக்கு நடத்தி, முடிவுகளை விளக்கி எழுத வேண்டும். ஒருவரை நேர்காணல், கூர்நோக்கு வழியாக அறிந்து அவரைப் பற்றிய விவர ஆய்வு ஒன்றையும் தயாரிக்க வேண்டும். பதினேழு வயதில் ஒருவர் எதிரே அமர்ந்து, அவர் சம்மதம் பெற்று, சொன்னதை ரகசியமாகக் காப்பேன் என்று உறுதி கொடுத்து, இடைமறிக்காமல் கேட்கப் பழகுவது பெரிய விஷயம். இதை முறையாக நடத்தும் ஆசிரியர் கிடைத்தால் அந்த மாணவர் அதிர்ஷ்டசாலி. மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுத விடும் பள்ளி என்றால், பாடத்தின் உயிரே போய்விடுகிறது.

கேம்பிரிட்ஜ் வேறு திசையில் போகிறது. முதல் ஆண்டு முழுவதும் 12 ஆய்வுகளைச் சுற்றியே நகர்கிறது. ஆணையிட்டால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று கீழ்ப்படிதலைச் சோதித்த மில்கிராம், பொம்மையை அடிக்கும் குழந்தைகளைக் கவனித்த பாண்டுரா எல்லாம் அதில் உண்டு. நேபாளத்தில், காசநோய்ப் பரிசோதனைக்காகத் தும்பிக்கையைக் கழுவக் கொடுக்கும்படி யானைகளுக்கு வெகுமதி தந்து பழக்கிய ஆய்வும் உண்டு. மில்கிராமின் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள் என்று தெரிந்துகொள்வது தொடக்கம் மட்டுமே. அந்த 40 பேரும் ஆண்கள்; விளம்பரம் பார்த்துத் தாமாக வந்தவர்கள்; அவர்களிடம் ஆய்வின் உண்மையான நோக்கம் மறைக்கப்பட்டது. அப்படியிருக்க, இந்த முடிவை எவ்வளவு தூரம் எல்லோருக்கும் பொருத்தலாம் என்று மாணவர் வாதிட வேண்டும். தானே ஓர் ஆய்வைத் திட்டமிட்டு எழுதும் கேள்வியும் தேர்வில் வருகிறது. இரண்டாம் ஆண்டில் மருத்துவ உளவியல், நுகர்வோர், உடல்நலம், நிறுவனம் ஆகிய நான்கில் இரண்டைப் படிக்க வேண்டும். நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 60 மதிப்பெண். செய்முறைத் தேர்வு கிடையாது. ஒரு மனிதரைக்கூட நேரில் சோதிக்காமலேயே முழு மதிப்பெண் பெற்றுவிடலாம். எனக்கு இது வருத்தம் தரும் குறை.

ஆனாலும் சிந்தனைப் பயிற்சி என்று பார்த்தால் என் வாக்கு கேம்பிரிட்ஜுக்கே. உளவியல் பட்டப்படிப்பில் மாணவர்களைத் திணறடிப்பவை ஆய்வு முறையும் புள்ளியியலும்தான். "ஆய்வு சொல்கிறது" என்று எதை எடுத்தாலும் பகிரும் இந்தக் காலத்தில், யாரிடம், எப்படி ஆய்ந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் பள்ளியிலேயே படிந்துவிடுவது நல்லது.

இனி எதிர்காலக் கணக்கு. ஏ-லெவலில் பெரும்பாலோர் மூன்று பாடங்களே எடுக்கிறார்கள். உளவியல் அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிபிஎஸ்இயில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஐந்தாவதாக உளவியலை வைக்கப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. இந்தியாவில் மனநல மருத்துவராக விரும்பும் பிள்ளை நீட் எழுதி, எம்பிபிஎஸ் முடித்து, பிறகு எம்டி செல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்கு சிபிஎஸ்இயின் இந்தப் பாடத் தொகுப்பு வசதியானது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வில் உளவியலை விருப்பப் பாடமாக எழுதுபவருக்கும் என்சிஇஆர்டி நூல்களே துணை. பிரிட்டனில் உளவியல் பட்டம் படிக்க நினைப்பவருக்கு ஏ-லெவல் நேரான பாதை.

சிபிஎஸ்இ என்று முடிவானால், சேர்க்கைக்கு முன் பள்ளியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உளவியல் படித்தவர்தான் பாடம் எடுக்கிறாரா? சோதனைகளை மாணவர்கள் நேரில் நடத்துகிறார்களா? கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த 12 ஆய்வுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் சிபிஎஸ்இயில் படிக்கும் பிள்ளையும் தானாகவே படிக்கத் தொடங்கலாம்.