பெட்டியாக வாங்கவா, ஒவ்வொன்றாகச் சேர்க்கவா?

சைக்கிள் ரிப்பேர் சாமான்களை ஒரே பெட்டியாக ஆன்லைனில் வாங்கலாம். இல்லையென்றால் திருநெல்வேலி டவுனில் கடை கடையாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நம் வீடுகளில் நிற்பது பெரும்பாலும் கியர் இல்லாத சைக்கிள். பெட்டியோடு வரும் கேசட் கழற்றிக்கு (கியர் வண்டியின் பின்சக்கரப் பல்சக்கர அடுக்கைக் கழற்றும் கருவி) அதில் வேலையே கிடையாது. பழைய வண்டியில் கிராங்கை, அதாவது பெடல் மாட்டிய கையை, பிடித்திருப்பது காட்டர் பின் என்ற இரும்பு ஆணி. அதன் நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் தட்டினால் போதும். ஸ்பேனரில் 10, 13, 14, 15 எம்.எம். தனித்தனியாக வாங்கினால் கனமான இரும்பாகப் பார்த்து எடுக்கலாம். மலிவான பெட்டி ஸ்பேனர் வாய் விரிந்து நட்டின் முனையை மழுக்கிவிடும்.

பஞ்சர் சாமானில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உடைமரத்து முள் நிறைந்த ஊர் இது. முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும்; உள்பக்கம் தடவிப் பார்த்து எடுக்காவிட்டால் ஒட்டிய டியூப் மறுபடியும் பஞ்சர்தான். டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு, உப்புத்தாள், பேட்ச், சொல்யூஷன் (ஒட்டும் பசை) வேண்டும். சொல்யூஷன் தடவியதும் ஒட்டாமல், ஈரம் காயும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

அப்புறம் பம்பு. பெட்டியில் வரும் குட்டிப் பம்பில் கைதான் வலிக்கும். காலால் மிதித்துப் பிடித்து அடிக்கிற பெரிய பம்பு நல்லது. வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கியர் சைக்கிள் என்றால் சரி, பெட்டியே வாங்கலாம். அறுகோணக் குழி உள்ள போல்ட்டைத் திருகும் ஆலன் கீயும், செயினைப் பிரிக்கும் செயின் கட்டரும் அதில் சேர்ந்தே கிடைக்கும்.